விசிறி இறாலும் செப்புக் குடமும்

திங்கள், ஜூலை 11

வெயில். மழை என்று ஒன்று இருப்பதையே பிரிக்பீல்ட்ஸ் மறந்துவிட்டது. சட்டை இல்லாமல் எழுதுகிறேன்.

நேற்று சேகர் மாலதியைக் கிள்ளானுக்கு அழைத்துப்போய் அவள் அம்மா வீட்டில் விட்டு வந்தான். பிரசவம் அங்கேதான். இன்னும் கொஞ்ச நாள் கழித்துப் போயிருக்கலாம். பி.பி. ஏறியிருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் முன்கூட்டியே. கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. புருஷனின் ரப்பர் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு போனாள், பாவம்.

டாக்சி வாசலில் ஹாரன் அடிக்கிறது. அவளோ ஹாலில் மீன் தொட்டி முன்னால் நின்று கூப்பிடுகிறாள். சேகரை அல்ல, என்னை.

"மாமா, இதை நீங்கதான் பாத்துக்கணும். அவரு மறந்துடுவாரு."

மூன்று வருட மருமகள். இதுவரை என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. காப்பி போடவா, சாப்பாடு வைக்கவா, அவ்வளவுதான் எங்கள் பேச்சு. தொட்டி அவளுடையது. கல்யாணத்தில் பீரோ, குத்துவிளக்கு, செப்புக் குடத்தோடு சீராக லோரியில் வந்து இறங்கியது.

சொல்லிவிட்டுப் போனவை, மறக்குமுன்:

மீனுக்குக் காலை மாலை ஒரு சிட்டிகை.
இறாலுக்குத் தீனியை மாவாக இடித்து, மோட்டார் தண்ணீர் பாயும் வாயில் தூவ வேண்டும்.
இறால் கீழே இறங்கி மணலைச் சுரண்டினால் பட்டினி என்று அர்த்தம்.
வாரம் ஒரு வாளி தண்ணீர் மாற்ற வேண்டும். பைப் தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்து வைத்து, குளோரின் போன பிறகு.
ஹாலில் கொசுவர்த்தி கூடாது.

"அவ்வளவுதான் மாமா. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

தொட்டியில் கப்பி, நியோன் என்று சின்ன மீன்கள் ஒரு கூட்டம். அவை யாரிடம் விட்டாலும் பிழைக்கும். கவலை இறால் மூன்றைப் பற்றித்தான். கறிக்கு வாங்கும் இறால் இல்லை, ஆற்று இறால். பழுப்பு நிறம், முதுகில் நீளக் கோடு. கொடுக்கு கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் விசிறி, நான்கு கைக்கும். தண்ணீர் வேகமாகப் பாயும் இடத்தில் போய் நின்று விசிறியை விரித்துக்கொள்ளும். மிதந்து வரும் தூசு தும்பு அதில் மாட்டும். ஒவ்வொரு கையாக வாயில் வைத்துத் துடைத்துக்கொள்ளும். தேடிப் போய்த் தின்னத் தெரியாது, வந்தால் சாப்பாடு. பென்ஷன்காரன் மாதிரி.

போன வருடம் முதல் பிள்ளை தங்காமல் போனபோது மாலதி தொட்டி முன்னால் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். அப்போது சேகர் எங்கோ விசாரித்து இவற்றை வாங்கி வந்தான். அதன் பிறகுதான் எழுந்து நடமாடினாள். அதனால் இவை வெறும் இறால் இல்லை. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

ஒன்றுக்காவது ஏதாவது ஆனால்? கிள்ளானில் பி.பி.யோடு படுத்திருப்பவளிடம் என்ன சொல்வது?

வியாழன், ஜூலை 14

மோர், மாங்காய் ஊறுகாய். சேகருக்கு ஓவர்டைம், ஸ்ரீ கெம்பாங்கான் பேக்டரியிலிருந்து வர நேரமாகும்.

பெரிய இறாலுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன், மனசுக்குள். இனி ஸ்.மா. தண்ணீர் வாயில் நின்று பச்சைக்கொடி காட்டுவதுபோலவே விசிறியை ஆட்டுகிறது. ரயில்வேயில் காலம் தள்ளியவனுக்கு வேறென்ன தோன்றும். மற்ற இரண்டும் போர்ட்டர்கள், பெரிய போர்ட்டர், சின்ன போர்ட்டர்.

இன்று காலை சின்ன போர்ட்டர் கீழே. மணலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. அதாவது நான்கு நாளாக நான் போட்டதெல்லாம் கப்பி வயிற்றில். தீனியை எடுத்து மிளகு இடிக்கும் கல்லில் போட்டு, திருநீறு மாதிரி ஆகும்வரை இடித்தேன். மோட்டார் வாயில் தூவினேன். தண்ணீர் பனிமூட்டம்போல ஆனது. கொஞ்ச நேரத்தில் அது மேலே ஏறி ஸ்.மா. பக்கத்தில் நின்று கையை விரித்தது. எனக்குப் பசி அப்போதுதான் தெரிந்தது. மிளகுக்கல்லைக் கழுவ வேண்டும், ரசத்தில் மீன் தீனி நாறும்.

மாலையில் போன். சம்பந்தியம்மா எடுத்து மாலதியிடம் கொடுத்தார்கள். ஹலோவுக்கு அடுத்த கேள்வியே, "மாமா, மூணும் மேலதானே நிக்குது?"

"நிக்குதும்மா. உன் உடம்பு எப்படி?"

"இருக்கு. உப்பே போட மாட்டேங்கறாங்க அம்மா. சாப்பாடு வாயில வைக்க முடியல."

உப்பு இல்லை காரணம். பயப்படுகிறாள். சொல்ல மாட்டாள்.

திங்கள், ஜூலை 18

ஆடி பிறந்தாயிற்று. தண்ணீர் வெட்டு. நேற்று பூராவும் பைப்பில் காற்றுதான். இன்று வந்த தண்ணீர் பார்லி நிறம், நீச்சல்குள வாடை. இதையா தொட்டியில் ஊற்றுவது?

அதைவிடப் பெரியது. காலையில் தொட்டி மூலையில் பெரிய போர்ட்டர் செத்துக் கிடந்தது. மல்லாந்து, விசிறி நான்கும் அப்படியே, கண்கூட இருக்கிறது. கரண்டியால் எடுத்தேன். நாளிதழில் சுற்றி, பின்கட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் குழி தோண்டிப் புதைத்தேன். யாராவது பார்த்திருந்தால் கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்பார்கள். மத்தியானம் முழுக்க ஒரே யோசனை. சொல்வதா, மறைப்பதா.

சேகர் வந்ததும் சொன்னேன். தொட்டியை எட்டிப் பார்த்தான். "என்னப்பா, மூணும் இருக்கே?"

மூன்றும் இருக்கிறது. பெரிய போர்ட்டர் கல்லுக்கு அடியில், புத்தம்புதுச் சட்டையில், வெளிறிப்போய்.

"தோல் உரிக்கும்ப்பா. வளரணும்ல. நீங்க பொதைச்சது சட்டையை." சிரிக்கிறான். மருந்துக்கடையில் விற்கிற கேப்சூல் மாதிரி எடையே இல்லாமல் இருந்ததே, அப்போதே யோசித்திருக்க வேண்டாமா. "மாலதி அதைத் தொட்டியிலயே விட்டுடுவா. அதுவே தின்னும். சத்து லா."

தோண்டி எடுத்துப் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

போனில் மாலதியிடம் சொன்னேன், புதைத்ததையும் சேர்த்து. அவள் சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள். பிறகு சம்பந்தியம்மா போனை வாங்கி, "இங்க வந்ததுலேர்ந்து இன்னிக்கித்தான் சிரிக்கிறா. நல்லா இருங்க அண்ணே," என்றார்கள். மோட்டார் சத்தம் கேட்கிறது, போய்ப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வியாழன், ஜூலை 21

நாளை ஆடி வெள்ளி. விளக்கு, செம்பு, குடம் எல்லாம் மாலதி துலக்குவாள். இந்த வருடம் நான். புளி, உப்பு போட்டுத் தேய்த்ததில் விரல் இடுக்கெல்லாம் எரிகிறது. சும்மா சொல்லக்கூடாது, சம்பந்தி வீட்டுச் செப்புக் குடம் பழுக்கக் காய்ச்சியது மாதிரி மின்னுகிறது. நல்ல கனம். அந்தக் காலத்து வார்ப்பு.

தண்ணீர் மாற்ற வேண்டிய நாள் தாண்டிவிட்டது. வாளியைத் தேடினால், சேகர் அதில் சோப்புக் கரைத்து மோட்டார் சைக்கிள் கழுவியிருக்கிறான். எத்தனை தரம் அலசினாலும் வழவழப்புப் போகவில்லை. சோப்புப் பட்டால் இறால் பிழைக்குமா? மாட்டாது. ஒரு சாண் உயிர்கூட இல்லை அது.

குடத்தைப் பார்த்தேன். வீட்டிலேயே சுத்தமான பாத்திரம் அதுதான். செப்பில் வைத்த தண்ணீர் கெடாது, கோயில் தீர்த்தமே அதில்தான். பைப்பில் இன்று தண்ணீர் தெளிவாக வந்தது. பிடித்து வைத்திருக்கிறேன். இரவு முழுக்க இருக்கட்டும். மாலதி வாளி என்றாள். வாளியைவிட உசத்தியாகத்தான் செய்திருக்கிறேன். சொன்னதை மட்டும் செய்துகொண்டிருந்தால் நான் சீஃப் கிளார்க் ஆகியிருப்பேனா?

வெள்ளி, ஜூலை 22

விளக்கேற்றினேன். சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்தது. சேகர் அதையும் வழித்துத் தின்றான்.

தொட்டியில் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுக் குடத்துத் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். கண்ணாடி மாதிரி தெளிவு. மூன்றும் வரிசையாக நின்று கொடி காட்டின. மனசு நிறைந்தது. மாலதிக்கு நாளை சொல்ல வேண்டும்.

சனி, ஜூலை 23

என்னவோ சரியில்லை.

தண்ணீர் வாயில் யாரும் இல்லை. ஸ்.மா. ஒரு மூலையில், விசிறி நான்கையும் மூடிக்கொண்டு. தீனி தூவினேன், அசையவில்லை. சின்ன போர்ட்டர் பக்கவாட்டில் சாய்ந்து, காலை மட்டும் உதறுகிறது. பெரிய போர்ட்டர் தொட்டி முழுக்கப் பித்துப் பிடித்தாற்போல் ஓடுகிறது. கப்பி, நியோன் எல்லாம் ஜோராக இருக்கின்றன. அதுதான் புரியவில்லை. தண்ணீர் கெட்டிருந்தால் மீன் அல்லவா முதலில் போகும்?

மத்தியானம் சின்ன போர்ட்டர் போய்விட்டது. சட்டையாக இருக்கும் என்று கரண்டியில் எடுத்தேன். எடை இருந்தது.

கல்லுக்கு அடியில், செடி இடுக்கில் எல்லாம் தேடினேன். புதுச் சட்டையில் யாரும் இல்லை.

மாலையில் போன். "மூணும் மேல நிக்குதா மாமா?"

"நிக்குதும்மா."

சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை, பிறகு உடம்பே கூசியது. டாக்டர் நேற்று வந்து பார்த்தாராம். பி.பி. இறங்கவில்லை. இந்த நிலையில் எப்படிச் சொல்வது? உண்மை நல்லதுதான். அது ஒரு உயிரைக் காவு கேட்டால்?

ஞாயிறு, ஜூலை 24

மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு மீன்கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கடைக்காரச் சீனரிடம் எனக்குத் தெரிந்த மலாயில் நோயைச் சொன்னேன். ஓடுகிறது, சாய்கிறது, சாகிறது. அவருக்கு அவசரம். ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார். "இனி உபாட் பாகுஸ், அங்கிள். எல்லாச் சக்கிட்டும் ஓடிப் போகும்." நல்ல மருந்தாம், எந்த நோயும் போய்விடுமாம்.

நான் எதை வாங்கினாலும் டப்பாவில் இருப்பதைப் படிக்காமல் வாங்குவதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தேன். மீன் மேல் வரும் வெள்ளைப் புள்ளிக்கான மருந்து. அதற்குக் கீழே எறும்பு மாதிரி எழுத்தில்: இதில் தாமிரம் இருக்கிறது. இறால், நத்தை உள்ள தொட்டியில் பயன்படுத்தக் கூடாது. மீனைக் கொல்லாத அளவு இறாலைக் கொல்லும்.

தாமிரம்.

புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, மினுக்கி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் வைத்து. கடை நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் ஒருவர், "அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க," என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. குரங்கானாலும் பரவாயில்லையே, மரம் ஏறிப் பிழைத்திருக்கும். அதிகப்பிரசங்கி, அதிகப்பிரசங்கி என்று பஸ் முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். வாளி என்றாள். வாளி என்றுதானே சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால் பெரிய போர்ட்டரும் முடிந்திருந்தது. ஸ்.மா. படுத்திருக்கிறது. மீசை மட்டும் அசைகிறது.

தண்ணீரை மாற்ற வேண்டும். உடனே. குளோரின் போன தண்ணீர் எங்கே? பக்கத்து வீட்டு லிம் ஆன்டி தண்ணீர் வெட்டுக்குப் பயந்து பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்திருப்பது ஞாபகம் வந்தது. ஒரு வாரத்துத் தண்ணீர். வேலிக்கு மேல் கூப்பிட்டு, இறாலுக்கு வேண்டும் என்று கேட்டேன்.

"ஊடாங்கா? சமைக்கவா அங்கிள்?"

"இல்ல ஆன்டி. காப்பாத்த."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூடியைத் திறந்தார். சுமந்து சுமந்து ஊற்றினேன். இடுப்பு போய்விட்டது. மொள்ளப் பிளாஸ்டிக் ஜக்குதான். இனி இந்த வீட்டில் எந்த உலோகத்தையும் நம்புவதாக இல்லை.

சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் கை வைத்து உட்கார்ந்தான். பிறகு, "அவகிட்ட சொல்லாதீங்கப்பா. அதே சைஸ்ல ரெண்டு வாங்கிப் போட்டுடலாம். எங்க தெரியப் போகுது?"

அவளுக்குத் தெரியும். எது எந்தக் கல்லில் உட்காரும் என்று தெரிந்தவள் அவள். பிறந்த பிள்ளையை வேறு பிள்ளையோடு மாற்றினால் தெரியாதா? வேண்டாம் என்றேன். ஆனால் இப்போது சொல்லவும் வேண்டாம்.

செவ்வாய், ஜூலை 26

சேகருக்குக் காலையில் போன். மாலதியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கண் மங்கலாகத் தெரிகிறதாம், தலைவலியாம். சேகர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பறந்துவிட்டான்.

நான் இங்கே. ஒரு பக்கம் போன், ஒரு பக்கம் தொட்டி. நடுவில் நாற்காலி.

ஸ்.மா. எழுந்து நிற்கிறது. விசிறியை விரிக்கவில்லை. விரிக்காவிட்டால் சாப்பாடு இல்லை. கையில் ஊட்டிவிடவும் முடியாது. தானாக விரித்தால்தான் உண்டு. தீனியைத் தூவிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையை விரிடா, விரிடா என்று வாய்விட்டே சொன்னேன்.

சாமி படத்தின் முன்னால் நின்றால் யாருக்காக வேண்டுகிறேன் என்றே குழப்பமாக இருக்கிறது. அவளுக்கு, பிள்ளைக்கு. அதற்குப் பிறகு இதற்கும். இறால் ஒன்றையும் சேர்த்துக் கேட்டால் சாமி கோபித்துக்கொள்வாரோ?

இது செத்தால் அவளுக்கு ஆகாது என்று ஒரு எண்ணம் உள்ளே புகுந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது. படித்தவன் நினைக்கிற நினைப்பா? இல்லை. இருந்தும் நினைக்கிறேன்.

போன் அடித்தது. ராங் நம்பர்.

புதன், ஜூலை 27

பெண் குழந்தை. ஆப்பரேஷன். இருவரும் நலம். சேகர் போனில் அழுதான், நானும். எடை குறைவுதான், ஆனால் நல்ல குரலாம்.

ஸ்.மா. மத்தியானம் ஒரு கையை விரித்தது. ஒன்றே ஒன்று. இந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன், வேறு அர்த்தம் இல்லை.

வெள்ளி, ஜூலை 29

இரண்டாம் ஆடி வெள்ளி. விளக்கை மட்டும் துடைத்தேன். குடம் பீரோ மேலே.

பஸ்ஸில் கிள்ளான். ரயில்வேக்காரன் பஸ்ஸில் போகிறேன், காலம். ஸ்.மா.வைத் தனியாக விட்டு வந்தது உறுத்தல். வழியெல்லாம் வாசகம் தயார் செய்தேன். முதலில் உடம்பை விசாரிப்பது, பிறகு பிள்ளையைப் பாராட்டுவது, பிறகு மெதுவாக.

வார்டில் மாலதி தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்து, ஆனால் வீக்கம் வடிந்திருந்தது. பக்கத்தில் சம்பந்தியம்மா. பிள்ளை துணிச்சுருளுக்குள். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். என்ன கேட்கப்போகிறாள் என்று தெரியும். தயார் செய்ததெல்லாம் போய்விட்டது.

"ரெண்டு செத்துப் போச்சும்மா. நான்தான். வாளியில சோப்பு இருந்துச்சுன்னு செப்புக் குடத்துல தண்ணி வச்சு ஊத்திட்டேன். செப்பு ஆகாதாம் அதுக்கு. அன்னிக்கு போன்ல நிக்குதுன்னு சொன்னது பொய்."

சம்பந்தியம்மா, "செப்புக் குடத்துத் தண்ணி நல்லதுதானே?" என்றார்கள்.

"நமக்கு நல்லது, சம்பந்தி."

மாலதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். அடுத்த கட்டிலில் ஒரு மலாய்ப் பெண் தன் பிள்ளைக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன்.

"பெருசு?" என்றாள், திரும்பாமலே.

"இருக்கு. நேத்து ரெண்டு கையை விரிச்சுச்சு. இன்னிக்குக் காலையில மூணு."

இந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு துணிச்சுருளைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள். "பிடிங்க மாமா. எனக்கு முதுகு வலிக்குது."

"என்கிட்டயா?"

"வேற யாருகிட்ட?"

குழாயில் கை கழுவி வந்தேன். சோப்புப் போடவா, போட்டால் பிள்ளைக்கு ஆகுமா என்று அங்கேயும் யோசனை. வாங்கிக்கொண்டேன். பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். எடை இருந்தது. போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடலாமா, விசிறலாமா, பக்கத்து ஃபேனைத் திருப்பலாமா.

மாலதி பார்த்துக்கொண்டே இருந்தாள். "தலையை இப்படிப் பிடிங்க. அவ்வளவுதான் மாமா. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

ஒன்றும் செய்யாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை கைவிரல் ஐந்தையும் விரித்தது, மூடியது. அழுதுவிட்டேன். சம்பந்தியம்மா பார்க்காததுபோல் பிளாஸ்க்கைக் கழுவப் போனார்கள்.

ஞாயிறு, ஜூலை 31

மழை. வந்தேவிட்டது.

புது வாளி, நீலம், பிளாஸ்டிக். சேகர் தொடக்கூடாது என்று சொல்லியாயிற்று. தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஸ்.மா. தண்ணீர் வாயில். நான்கும்.

மாலதி இன்று வீட்டுக்கு வந்துவிட்டாள், அம்மா வீட்டுக்கு. மாலையில் போன். பின்னணியில் பிள்ளையின் அழுகை.

"இன்னிக்கு என்ன செஞ்சீங்க மாமா?"

"ஒண்ணும் செய்யலம்மா."

"நல்லது," என்றாள்.